கார்புரேட்டர் ஏன் ஒழுகுகிறது?

மதுரையைச் சுற்றி மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும், இன்று வயலில் உழுகிற டிராக்டரில் கார்புரேட்டர் இருக்காது. எல்லாம் டீசல். டீசல் இன்ஜின் வெறும் காற்றை உள்ளே இழுத்து, அதை நெருக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டுக்குள் எரிபொருளைப் பீய்ச்சுகிறது. காற்றையும் எரிபொருளையும் முன்கூட்டியே கலந்து அனுப்ப வேண்டிய தேவை அதற்கு இல்லை.

ஆனால் நம் ஊர்ச் சிவப்பு டிராக்டரின் முன்னோருக்குக் கார்புரேட்டர் இருந்தது. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரித்த மாஸ்ஸி பெர்குசன் வண்டிகளின் வம்சம், ஹாரி பெர்குசனின் டிஇ-20 என்ற சின்ன சாம்பல் நிற டிராக்டரிலிருந்து வருகிறது. இங்கிலாந்தில் கோவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை அதில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அவற்றில் பெரும்பகுதி பெட்ரோலிலோ, மண்ணெண்ணெய் வகை எரிபொருளிலோ ஓடியவை. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4ஆம் தேதி தென் துருவத்தை அடைந்தது இந்த வகை டிராக்டர்களில்தான். உலகின் பல மூலைகளில் அவை இன்னமும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்களின் தீராத புலம்பல் ஒன்று உண்டு: ராத்திரி நிறுத்தி வைத்தால் காலையில் கார்புரேட்டருக்குக் கீழே தரை நனைந்திருக்கிறது.

அந்தப் புலம்பல் மதுரைக்கும் பழக்கமானதுதான். வண்டிதான் வேறு. வைக்கோல் கட்டையும் பால் கேனையும் சுமந்து வரப்போரம் போகிற டிவிஎஸ் 50, மல்லிகைத் தோட்டத்தில் முதுகில் மாட்டி மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், களை எடுக்கிற பவர் வீடர், ஓடையிலிருந்து தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் இன்ஜின் ஆகிய நான்கும் நம் வயலோரக் கார்புரேட்டர்கள். 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 இந்தியாவின் முதல் இருவர் அமரும் மொபெட். அதைத் தமிழ்நாட்டுச் சிறு விவசாயியின் டிராக்டர் என்றே நான் நினைக்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபின் புதிய எக்ஸ்எல் 100 வண்டிகளில் கார்புரேட்டர் போய், மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் ஏற்பாடு வந்துவிட்டது. பழைய வண்டிகள் மட்டும் ஊரெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒழுகிக்கொண்டும் இருக்கின்றன.

தென் துருவம் போன டிராக்டரானாலும் உசிலம்பட்டி டிவிஎஸ் 50 ஆனாலும் ஒழுகுவதற்கான காரணம் ஒன்றே. அது ரப்பர் தேய்ந்ததோ திருகு தளர்ந்ததோ மட்டும் அல்ல. கார்புரேட்டருக்குள் எரிபொருள் எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ அந்த மட்டம் தவறிவிட்டது என்பதே பெரும்பாலும் உண்மை.

மட்டம் ஏன் அவ்வளவு முக்கியம்? காற்று குறுகலான கழுத்து வழியே பாயும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. டேனியல் பெர்னூலி 1738இல் எழுதி வைத்ததும், இத்தாலியரான வெஞ்சுரி 1797இல் குறுகிய குழாய்களை வைத்துச் சோதித்துக் காட்டியதும் இதைத்தான். அந்தக் கழுத்துக்குள் ஒரு மெல்லிய குழாயின் வாயை நீட்டி வைத்தால், அழுத்தம் குறைந்த இடத்துக்குக் கீழிருக்கும் பெட்ரோல் தானாக ஏறி வந்து காற்றோடு தூவானமாகக் கலக்கும். ஏறக்குறைய 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்பது சரியாக எரிகிற கலவை.

இதில் நுட்பமான இடம் ஒன்று உண்டு. அந்தக் குழாயின் வாய், பெட்ரோல் மட்டத்தைவிடச் சில மில்லிமீட்டர் மேலே இருக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு உயரத்துக்குப் பெட்ரோலைத் தூக்க ஏறக்குறைய 36 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் போதும். கழுத்தில் காற்று நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போனாலே அது கிடைத்துவிடும். இன்ஜின் நின்றால் காற்று நிற்கும். காற்று நின்றால் பெட்ரோல் அந்த 5 மில்லிமீட்டரை ஏற முடியாமல் கீழேயே நிற்கும். மட்டம் அதே 5 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டால்? காற்றே இல்லாமல், இன்ஜினே ஓடாமல், பெட்ரோல் குழாய் வாய் வழியாகத் தானே வழியும். நாம் ஒழுகல் என்று சொல்வது பெரும்பாலும் இந்த வழிசல்தான்.

மட்டத்தைக் காக்கும் கிண்ணமும் மிதவையும் 1893 வாக்கில் வந்தன. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், புடாபெஸ்ட்டில் டொனாட் பாங்கி, யானோஸ் சோங்கா இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதே யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குமுன் கார்ல் பென்ஸின் வண்டியில், பெட்ரோலின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியைத்தான் காற்று வாரிக்கொண்டு போனது. மிதவை வந்தபிறகு, டேங்கில் 4 லிட்டர் இருந்தாலும் கால் லிட்டர் இருந்தாலும் கிண்ணத்துக்குள் மட்டம் ஒன்றுதான்.

மதுரைக்காரருக்கு இதை விளக்கக் கண்மாயைக் காட்டினால் போதும். வரத்துக் கால்வாயில் தண்ணீர் வருகிறது, மடை வழியே வயலுக்குப் போகிறது, மிஞ்சினால் கலிங்கு வழியே வெளியேறுகிறது. கார்புரேட்டர் கிண்ணத்துக்கு டேங்கிலிருந்து வரும் குழாய்தான் வரத்துக் கால்வாய், பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்ற சின்னத் துளைதான் மடை, ஓவர்ஃப்ளோ குழாய்தான் கலிங்கு. வரத்தைப் பார்த்துத் திறந்து அடைக்கிற நீர்க்கட்டியின் வேலையை மிதவை செய்கிறது. மட்டம் ஏறும்போது மிதவை ஏறி, தன் கையால் ஒரு கூம்பு ஊசியை மேலே தள்ளி, வரத்துத் துளையை அடைக்கிறது. மட்டம் இறங்கினால் ஊசியும் இறங்கி வழி விடுகிறது. கலிங்கு பாய்ந்தால் கலிங்கைக் குறை சொல்வார் யாரும் உண்டா? வரத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால் அந்தக் குழாயை ஒரு திருகு வைத்து அடைத்துவிடுகிற வழக்கத்தை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். இதைவிட ஆபத்தான பழுதுபார்ப்பு கிடையாது. வெளியே போக வழியில்லாத பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கும்.

அந்த நீர்க்கட்டிக்கு எவ்வளவு பலம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டேங்க் கார்புரேட்டருக்கு 30 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது, ஊசி அடைக்கும் துளை 1.5 மில்லிமீட்டர் விட்டம் என்று எடுத்துக்கொண்டால், மேலிருந்து பெட்ரோல் ஊசியைத் தள்ளும் விசை அரை கிராம் எடைக்கும் குறைவு. மிதவை 8 கன சென்டிமீட்டர் பருமனும் 3 கிராம் எடையும் உள்ளது என்றால், முழுதும் மூழ்கும்போது அதன் மேல்நோக்கிய மிகைவிசை ஏறக்குறைய 3 கிராம். நெம்புகோல் அதை 4 மடங்காக்கினால் 12 கிராம். அரை கிராமுக்கு எதிராக 12 கிராம் என்பது தாராளம்தான். ஆனால் ஊசிக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் இடையில் ஒரு மணல் துகள் சிக்கினால், 12 கிராம் விசையால் அதை நசுக்க முடியாது. துகள் அளவுக்கு இடைவெளி, இடைவெளி அளவுக்கு ஒழுகல். கரிசல் காட்டுப் புழுதியும், துருப்பிடித்த பழைய டேங்கும், வடிகட்டி இல்லாமல் வாட்டர் பாட்டிலிலிருந்து ஊற்றிய பெட்ரோலும் சேர்ந்தால் துகளுக்குப் பஞ்சமே இல்லை.

"ஓடும்போது ஒழுகுதாண்ணே, நிறுத்தி வச்சா ஒழுகுதா?" நல்ல மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும்முன் கேட்கிற முதல் கேள்வி இது. இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பழுது பிடிபட்டுவிடும். நிறுத்தி, பெட்ரோல் காக்கைத் திறந்து வைத்தால் ஒழுகுகிறது, காக்கை மூடினால் சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது என்றால் ஊசியோ மிதவையோ வேலை செய்யவில்லை. காக்கை மூடியபிறகும் கிண்ணம் காலியாகும் வரை சொட்டுகிறது என்றால் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடி திருகின் வாஷர் போயிருக்கலாம். மட்டத்துக்குக் கீழே இருப்பதால் அந்த இடம் எப்போதும் பெட்ரோலில் நனைந்தே இருக்கும். மேடு பள்ளத்தில் ஓடும்போது மட்டும் ஒழுகினால், குலுங்கலில் மிதவை கணநேரம் கீழே போய் ஊசியைத் திறந்துவிடுகிறது. கரடுமுரடான வரப்பில் கொஞ்சம் வழிவது பழுதே அல்ல.

அடுத்த கேள்வி, "சைடு ஸ்டாண்டுலயா வச்சீங்க?" வண்டி 15 டிகிரி சாய்ந்து நின்றால், 4 சென்டிமீட்டர் அகலமுள்ள கிண்ணத்தின் ஓரத்தில் மட்டம் நடுவைவிட 5 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். மேலே சொன்ன அதே 5 மில்லிமீட்டர். நேராக நிறுத்தினால் ஒழுகாத வண்டி சாய்த்து நிறுத்தினால் ஒழுகுவது இதனால்தான். சில கார்புரேட்டர்களில் மிதவையை இரண்டாகப் பிளந்து நடுக்குழாயின் இருபுறமும் வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் ஏறும் மட்டத்தை மறுபக்கம் இறங்கும் மட்டம் ஈடுகட்டும்.

மூன்றாவது கேள்வி வெயிலைப் பற்றியது. மதுரைச் சித்திரை வெயிலில் கறுப்பு டேங்கின் மேல் கை வைக்க முடியாது. பெட்ரோல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் கொள்ளளவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. பெட்ரோல் பங்கில் 4 லிட்டரைக் கழுத்துவரை நிரப்பி வெயிலில் நிறுத்தி, அது 20 டிகிரி சூடேறினால், 80 மில்லி வெளியேற இடம் தேடும். டேங்க் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும், அது திறந்திருந்தால் ஆபத்தில்லை. மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க மூடியின் மேல் பாலிதீன் பையை இறுக்கிக் கட்டியிருந்தாலோ, துளையில் சேறு உலர்ந்து அடைத்திருந்தாலோ, டேங்குக்குள் பெட்ரோல் ஆவியின் அழுத்தம் ஏறும். 30 சென்டிமீட்டர் உயரத்தால் வரும் அழுத்தம் 2 கிலோபாஸ்கல் சொச்சம்தான். அடைபட்ட டேங்கில் ஆவி அதைப்போலப் பல மடங்கு தரும். மிதவையின் 12 கிராம் விசை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். கார்புரேட்டரைப் பிரித்துப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. குறை இருப்பது டேங்க் மூடியில். கார்புரேட்டர் ஒழுகுகிறது என்று வரும் வண்டிக்கு முதலில் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கிற மெக்கானிக்கை நான் மதிக்கிறேன்.

எவ்வளவு பெட்ரோல் வீணாகிறது என்பதையும் பார்த்துவிடலாம். தண்ணீரில் 20 சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய 1 மில்லி. பெட்ரோலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் சொட்டு பெரிதாகும்முன்பே அறுந்து விழும். 1 மில்லிக்கு 50 சொட்டு வரை ஆகும். நொடிக்கு ஒரு சொட்டு என்று பார்த்தால் மணிக்கு 70 மில்லி, ராத்திரி 10 மணி நேரத்தில் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பணம் போவது ஒரு பக்கம். மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம் பெட்ரோல். அந்த ஆவி காற்றைவிட 3, 4 மடங்கு கனமானது. தரையோடு ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் தங்கும். மாட்டுக் கொட்டகையோரம், வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில், அடுப்பெரிகிற திண்ணைக்குக் கீழே ஒழுகும் வண்டியை நிறுத்துவது எவ்வளவு பெரிய விபரீதம் என்பதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தில் மேலே போக எனக்கு மனமில்லை. ஒழுகலைப் பார்க்க முதலில் செய்ய வேண்டியது காக்கை மூடுவது, வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளுவது, பீடியையும் செல்போன் சார்ஜரையும் தூரத்தில் வைப்பது.

சொட்டு விழும் இடத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. பெட்ரோல் மெல்லிய படலமாக உலோகத்தின் மேல் பரவி, அடியில் மிகத் தாழ்ந்த முனைக்கு வந்துதான் சொட்டும். கார்புரேட்டரை வெளியே நன்றாகத் துடைத்து, உலரவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவி, காக்கைத் திறந்தால் பெட்ரோல் முதலில் எங்கே தூளைக் கறுக்க வைக்கிறதோ அங்கேதான் வாசல். பெரும்பாலும் அது கிண்ணமும் மேலுடலும் சேரும் இணைப்பாக இருக்கும். உடனே கேஸ்கெட்டை மாற்றுவார்கள். இரண்டு நாளில் மறுபடி ஒழுகும். ஏன்? மட்டம் சரியாக இருந்தால் அந்த இணைப்பு வரை பெட்ரோல் ஏறாது. அநேகக் கார்புரேட்டர்களில் மட்டம் இணைப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழேதான் நிற்கும். அங்கே நனைந்தால் கேஸ்கெட்டும் போயிருக்கலாம், மட்டமும் ஏறியிருக்கிறது என்று நிச்சயம் சொல்லலாம்.

மட்டத்தைக் கார்புரேட்டரைப் பிரிக்காமலே பார்த்துவிட முடியும். வடி திருகுக்குக் கீழே மூக்கு இருக்கும் கார்புரேட்டர் என்றால், அதில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கிண்ணத்தின் ஓரமாகச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். உள்ளே என்ன உயரமோ அதே உயரத்தில் டியூபிலும் பெட்ரோல் நிற்கும். கொத்தனார் டியூப் மட்டம் பார்ப்பதும் இதே விதியால்தான். காக்கைத் திறந்து வைத்து அரை மணி நேரம் பார்த்தால், மட்டம் ஓரிடத்தில் நிற்கிறதா, மெல்ல மெல்ல ஏறுகிறதா என்பது தெரியும். நின்றால், ஆனால் உயரமாக நின்றால், மிதவையின் கை வளைந்திருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஊசி அடைக்கவில்லை, அல்லது மிதவை மூழ்கிவிட்டது. ஐந்து ரூபாய் டியூப் இவ்வளவு சொல்கிறது.

இனிப் பிரிக்கலாம். கிண்ணத்தைக் கழற்றியதும் அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். செந்நிறத் துகள் என்றால் டேங்க் துரு. வெள்ளைப் பொடி என்றால் தண்ணீர் நின்று கார்புரேட்டர் உலோகத்தை அரித்திருக்கிறது. பிசின் போன்ற பழுப்புப் படலம் என்றால் பெட்ரோல் நெடுநாள் நின்று உலர்ந்திருக்கிறது. பவர் ஸ்பிரேயரில் இது சகஜம். ஒரு பருவம் மருந்தடித்து முடிந்ததும் அப்படியே பரணில் வைத்துவிடுவார்கள். கிண்ணத்திலுள்ள பெட்ரோல் பறந்துவிடும், அதில் கலந்திருந்த டூ-ஸ்ட்ரோக் ஆயில் மட்டும் தங்கி ஊசியைச் சீட்டோடு ஒட்டிவிடும். ஊசி மூடியபடி ஒட்டினால் இன்ஜின் எடுக்காது. திறந்தபடி ஒட்டினால் வெள்ளம்.

2023 பிப்ரவரி முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபின், பழைய கார்புரேட்டர்களில் கவனிக்க வேண்டியது கூடியிருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இழுத்த தண்ணீர் ஒரு அளவை மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும். பழைய ரப்பர் வகைகள் சில எத்தனாலில் ஊதிப் பெருக்கும். ஊசியின் முனையில் ரப்பர் இருந்தால் அது வீங்கி உருவம் மாறும். எத்தனாலைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் காலத்து ரப்பரை இந்தக் காலத்துப் பெட்ரோலில் ஊறப்போட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

மிதவை பித்தளையாக இருந்தால் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே திரவம் தளும்பும் ஓசை கேட்டால் எங்கோ மயிரிழை ஓட்டை. கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து தூரமாகக் கொண்டுவந்த வெந்நீரில் அதை அமுக்கினால், உள்ளிருக்கும் காற்று விரிந்து ஓட்டை வழியே குமிழ் குமிழாக வரும். ஆர்க்கிமிடிஸ் சொன்னபடி மிதவையின் பலம் அது தள்ளும் எரிபொருளின் எடையில்தான் இருக்கிறது. உள்ளே பெட்ரோல் புகுந்த மிதவை ஊசியைத் தள்ளாது. ஈயம் வைத்து அடைக்கலாம். ஆனால் உள்ளே புகுந்த பெட்ரோலை முழுதும் ஆவியாக்கி வெளியேற்றாமல் சூடு காட்டினால் வெடிக்கும். அடைத்தபின் ஈயத்தின் எடையும் சேர்ந்துவிடுவதால் மட்டம் கொஞ்சம் உயரும். புதிய மிதவை கிடைக்கும் இடத்தில் பழையதை ஒட்டுப்போட வேண்டாம் என்பது என் யோசனை.

ஊசியின் கூம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றி ஒரு மெல்லிய பள்ளம் வளையமாகத் தெரிந்தால் ஊசி தேய்ந்துவிட்டது. ஊசியை மட்டும் மாற்றிவிட்டுத் தேய்ந்த சீட்டை விட்டுவைத்தால் பலனில்லை. சீட்டை உப்புத்தாளால் தேய்ப்பது, கம்பியை உள்ளே விட்டுச் சுரண்டுவது இரண்டும் கூடாது. ஜெட்டுக்கும் அதே விதி. பிரஷ் கம்பியால் ஜெட்டைக் குத்துகிற கை பழக்கப்பட்டுப்போன கை. 0.8 மில்லிமீட்டர் துளை 0.9 ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பரப்பு 27 சதவீதம் கூடிவிடும், பிளக் கறுத்துப்போகும், வண்டி பெட்ரோலைக் குடிக்கும். ஜெட்டைச் சுத்தம் செய்ய ஏர் அடித்தாலே போதும். புதிய ஊசி-சீட் ஜோடி வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோக வேண்டும், துளையின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். துளையின் விட்டம் இரு மடங்கானால் பெட்ரோல் ஊசியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

ஓவர்ஃப்ளோவில் பலரையும் ஏமாற்றுகிற ஒரு மறைவிடம் உண்டு. சில கிண்ணங்களில் ஓவர்ஃப்ளோ குழாய் கிண்ணத்துக்கு உள்ளேயே ஒரு பித்தளைத் தண்டாக நிற்கும். அதன் உச்சிவரை பெட்ரோல் ஏறினால் உள்ளே விழுந்து வெளியேறும். அந்தத் தண்டில் மயிரிழை விரிசல் விழுந்துவிட்டால், மட்டம் சரியாக இருந்தாலும் பெட்ரோல் ஒழுகும். ஊசியை மாற்றுவார்கள், மிதவையை மாற்றுவார்கள், ஒழுகல் நிற்காது. கழற்றிய கிண்ணத்தில் தண்டின் உச்சிக்குக் கீழே வரை பெட்ரோல் ஊற்றி ஒரு தாளின் மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால், தாள் நனைகிறதா என்பதே பதில்.

டிஇ-20 போன்ற பழைய டிராக்டர்களில் கார்புரேட்டர் இன்ஜினின் உள்ளிழுப்புக் குழாய்க்குக் கீழே, காற்று மேல்நோக்கி ஏறும்படி அமைந்திருந்தது. மட்டம் தவறினால் பெட்ரோல் காற்றுக் குழாய் வழியே தரையில் விழும். பார்க்க அசிங்கம், ஆனால் இன்ஜினுக்குக் கெடுதல் குறைவு. காற்று பக்கவாட்டிலோ மேலிருந்தோ வரும் கார்புரேட்டரில் அதே பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. தரையில் ஈரமே இருக்காது, ஆபத்து இரண்டு மடங்கு. பவர் வீடர் போன்ற நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் அது பிஸ்டனைத் தாண்டி ஆயிலோடு கலக்கும். ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தால் மட்டம் கூடியிருக்கும், பெட்ரோல் வாசம் அடிக்கும், விரலில் தொட்டால் தண்ணீர் மாதிரி ஓடும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்கும் பிஸ்டன் ரிங்கும் தேயும். சிலிண்டரே பெட்ரோலால் நிறைந்திருந்தால் இன்னும் மோசம். திரவம் நெருங்காது. கயிற்றைப் பலமாக இழுத்தால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். கயிறு இழுக்க வராமல் இறுகி நின்றால் பலம் காட்டாமல் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் இன்ஜினுக்கு ஒரு தனிக் குறிப்பு. பெட்ரோலில் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது அதன் முறை. நிறுத்தும்போது பலரும் மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கிண்ணத்தில் தங்கும் மண்ணெண்ணெய் மறுநாள் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாது. திரும்பத் திரும்பக் கயிறு இழுத்தால் அது எரியாமலே ஆயிலில் இறங்கும். நிறுத்துவதற்கு முன் காக்கைப் பெட்ரோலுக்குத் திருப்பி, கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெய் எரிந்து தீரும்வரை ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும்.

இந்தக் கிண்ணமும் மிதவையும் இல்லாமலே மதுரையிலிருந்து வண்டி ஓடிய காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் டிவிஎஸ் கேஸ் பிளான்ட் என்ற கருவியைச் செய்து விற்றது. கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதை வடிகட்டி, ஆறவைத்து, காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுத்தார்கள். வாயுவுக்கு மட்டம் கிடையாது, அதனால் மிதவையும் வேண்டாம். பலம் குறைந்தது, கரி மூட்டை ஏற்ற வேண்டியிருந்தது, நச்சு வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் திரும்பக் கிடைத்ததும் கிண்ணமும் மிதவையும் திரும்பிவந்தன.

பழைய கார்புரேட்டருக்கு உதிரிபாகம் தேடுகிறவர்கள் சிம்மக்கல் பக்கம் திலகர் திடலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஆனால் ஊசியும் சீட்டும் வாஷரும் பழையதாக வாங்கக் கூடாது. கார்புரேட்டர் உடல், கிண்ணம், காக்கின் பிடி போன்றவற்றை வாங்கலாம்.

எல்லாவற்றையும் மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. மேலுடலைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவை தன் எடையாலேயே ஊசியை மூடும். பெட்ரோல் வரும் மூக்கில் சுத்தமான டியூபை மாட்டி, ஒரு சிரிஞ்சால் மெதுவாகக் காற்றைத் தள்ளினால் போகக் கூடாது. மிதவையைத் தூக்கினால் தாராளமாகப் போக வேண்டும். மூடியபோதும் காற்று போனால் கிண்ணத்தை மாட்டவே வேண்டாம், மறுபடி ஊசியைப் பாருங்கள். சரியாக இருந்தால் மிதவையின் உயரத்தை அந்தக் கார்புரேட்டருக்குச் சொன்ன அளவுக்கு அளந்து, தேவைப்பட்டால் ஊசியைத் தொடும் நாக்கை மயிரிழை வளைத்து, புதிய கேஸ்கெட் போட்டு மூடி, காக்கைத் திறந்து, டியூபை மாட்டி, அரை மணி நேரம் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். மட்டம் நின்றுவிட்டால் வண்டியை எடுக்கலாம். ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்த வண்டியானால், எடுப்பதற்கு முன் அந்த ஆயிலை முழுதும் வடித்துப் புதிதாக ஊற்றிவிட வேண்டும்.